விற்கும் கணினிக்குள் ஊராரின் சிட்டா

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசி நாள் டெல்டாவில் வழக்கமாக நவம்பர் 15. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் திருத்துறைப்பூண்டி வட்டத்தின் இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நிற்க இடம் இருக்காது. வி.ஏ.ஓ. கொடுத்த அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று ஒவ்வொருவர் கையிலும் நான்கு தாள்கள். நான்கும் ஸ்கேன் ஆகி, கடைக் கணினியின் டெஸ்க்டாப்பில் போய் விழுகின்றன. வேலை தெரிந்தவர் ஊருக்கு ஒரு ஃபோல்டர் போடுவார். விவசாயியின் பெயர், தகப்பனார் பெயர், செல்போன் எண் மூன்றையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயர் வைப்பார். அவசரத்தில் இருப்பவர் ‘ஸ்கேன் 0047’ என்றே விட்டுவிடுவார். சீசன் முடிந்த பிறகு இவற்றை யாரும் அழிப்பதில்லை. அப்படி விட்டு வைப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. “போன வருஷம் குடுத்ததுதான் தம்பி, அதையே எடுத்துப் போட்டுரு” என்று அடுத்த நவம்பரில் வந்து நிற்கும் பெரியவருக்கு அது பெரிய ஒத்தாசை. கொள்முதல் நிலையப் பதிவு, முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் சாதிச் சான்று, வருமானச் சான்று என்று ஆண்டு முழுக்க வேறு தாள்களும் வந்து சேர்கின்றன. ஐந்தாறு வருடம் ஓடிய ஒரு கடைக் கணினிக்குள் சுற்றுவட்டாரத்தின் எத்தனையோ குடும்பங்கள் அடங்கிவிடுகின்றன.

அந்தக் கணினி ஒருநாள் விலைக்குப் போகிறது. இப்போது அப்படிப் போகும் கணினிகள் அதிகம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ. பழைய சிஸ்டங்கள் இந்தத் தேர்வில் தேறுவதில்லை. எனவே எக்ஸ்சேஞ்சில் மன்னார்குடிக்கோ திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ போகின்றன. செகண்ட் ஹேண்டாக ஒரு கல்லூரி மாணவர் கைக்குப் போகின்றன. ஓடாதவை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. விற்பவர் கையில் சில ஆயிரம் ரூபாய் வருகிறது. வாங்குபவருக்கு சிபியு பெட்டியோடு சேர்ந்து என்னவெல்லாம் போகிறது என்று இரண்டு பேருமே பேசிக்கொள்வதில்லை.

பழைய கணினியை விற்பவர் தன் சொந்த விவரங்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது. அதற்குள் இருக்கும் பிறர் விவரங்களை யாரும் மீட்க முடியாதபடி துடைத்துவிட்டுத்தான் கையை விட்டு அனுப்ப வேண்டும். வாங்குபவர் நல்லவராக இருப்பார் என்பதை நம்பியும், சர்வீஸ் கடையில் ‘ஃபார்மட் அடிச்சாச்சு’ என்று சொன்னதை நம்பியும் இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நம் ஊர்களில் இதை வலியுறுத்த இன்னொரு காரணமும் இருக்கிறது. பெருநகரத்தில் ஒருவர் தன் ஆவணங்களைத் தன் மடிக்கணினியில் வைத்திருப்பார். அது போனால் அவர் ஒருவருக்குத்தான் இழப்பு. டெல்டா விவசாயியிடம் பெரும்பாலும் கணினியே கிடையாது. அவருடைய தாள்கள் எல்லாம் கடைக்காரர் கணினியில்தான் இருக்கின்றன. அது எப்போது விற்கப்படுகிறது, யாரிடம் போகிறது என்பது அவருக்குத் தெரியப்போவதே இல்லை.

கோப்பை டெலிட் செய்தால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஹார்டுடிஸ்க்கில் எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை உண்டு. டெலிட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், அந்த அட்டவணையில் ‘இந்த இடத்தை இனி வேறு எதற்காவது பயன்படுத்தலாம்’ என்ற குறிப்பு விழுகிறது. கோப்பின் உள்ளடக்கம் காந்தத் தட்டில் அப்படியேதான் இருக்கிறது. அதன் மேல் வேறொரு கோப்பு எழுதப்படும் வரை இருக்கும். சில வேளை வருடக்கணக்கில் இருக்கும். ஃபார்மட்டிலும் இதே கதைதான். விண்டோஸில் ஃபார்மட் பெட்டியைத் திறந்தால் ‘குவிக் ஃபார்மட்’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் இருக்கும். பத்து விநாடியில் முடிந்துவிடும் அந்த வேலை புதிய அட்டவணை ஒன்றைப் போடுகிறது, அவ்வளவுதான். அந்த டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட்தான், விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, வட்டு முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதுகிறது. அதற்கு மணிக்கணக்கில் ஆகும் என்பதால் கடைகளில் யாரும் அதைச் செய்வதில்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ‘ஓ.எஸ். போட்டாலும்’ முந்தைய தரவில் ஒரு பகுதியின் மேல்தான் புதியது எழுதப்படுகிறது. அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை இயக்கப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

எத்தனை பேர் இப்படி அரைகுறையாக அழித்து விற்கிறார்கள் என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலாட் இருவரும் 2000 நவம்பருக்கும் 2002 ஆகஸ்ட்டுக்கும் இடையில் 158 பழைய ஹார்டுடிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்து, முடிவை 2003-ல் வெளியிட்டார்கள். படிக்க முடிந்த 129 வட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து கிடைத்த கிரெடிட் கார்டு எண்கள் மட்டும் 5,000-க்கு மேல். ஒரு வட்டு ஏ.டி.எம். இயந்திரத்துக்குள் இருந்தது. அது பழைய காலம், இன்று எல்லோருக்கும் விவரம் தெரியும் என்று சொல்பவர்களுக்கு 2019-ல் பிளாங்கோ, ஆன்டிராக் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து செய்த ஆய்வைக் காட்டலாம். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பின்லாந்து ஆகிய நாடுகளில் ஈ-பே தளத்தில் 159 பழைய வட்டுகளை வாங்கினார்கள். 42 விழுக்காடு வட்டுகளில் தரவு மிச்சமிருந்தது. 15 விழுக்காட்டில் தனிநபர்களை அடையாளம் காட்டும் விவரங்கள் இருந்தன. விற்றவர்கள் எல்லோரும் முறைப்படி அழித்துவிட்டதாகச் சொல்லித்தான் விற்றார்கள். அதில் பொய் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. டெலிட் செய்துவிட்டோம், ஃபார்மட் செய்துவிட்டோம் என்று அவர்கள் மனதார நம்பியிருக்கலாம். சிக்கலே அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

பெரிய இடங்களும் இதில் விலக்கில்லை. மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனம் தன் பழைய கணினிகளையும் சர்வர்களையும் அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வட்டுகள் கைமாறிக் கைமாறி இணைய ஏலத்துக்கு வந்தன. வாங்கிய ஒருவர் உள்ளே வாடிக்கையாளர் விவரங்கள் இருப்பதைக் கண்டு நிறுவனத்துக்கே எழுதித் தெரிவித்தார். சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களைக் காக்கத் தவறியதற்காக 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. எழுதித் தெரிவித்தவர் நல்லவர். எல்லா வட்டும் நல்லவர் கைக்கே போய்ச் சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஜெராக்ஸ் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு இன்னொன்று. பெரிய டிஜிட்டல் நகல் இயந்திரங்கள் பலவற்றுக்குள்ளும் ஹார்டுடிஸ்க் உண்டு. நகல் எடுத்த தாளின் படம் அதில் தங்கிவிடுவதுண்டு. 2010-ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி நான்கு பழைய நகல் இயந்திரங்களை விலைக்கு வாங்கி, உள்ளிருந்த வட்டுகளைக் கழற்றிப் பார்த்தது. ஒன்றில் அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிக் குறிப்புகள் இருந்தன. வாடகைக்கு எடுத்த இயந்திரங்களை வட்டைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காக அந்த நிறுவனம் 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. 3,44,579 பேரின் விவரங்கள் வெளியே போயிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் ஓடும் பெரிய இயந்திரங்களில் பல, வேறெங்கோ ஓடிக் களைத்து, ரீகண்டிஷன் செய்யப்பட்டு வந்தவை. இங்கிருந்தும் வேறு கைக்குப் போகும். உள்ளே வட்டு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. ஸ்டுடியோக்காரர்களின் கணினிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் படங்களும், கல்யாண வீடியோக்களும், ஆல்பத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய படங்களும் அங்கேதான் இருக்கின்றன. வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்காரர்கள் அவை அழிந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் வரும் முதல் மறுப்பு: “நம்ம விவசாயியோட சிட்டாவை வெச்சு யார் என்ன பண்ணப்போறாங்க?” இதில் பாதி நியாயம் இருக்கிறது. பட்டா, சிட்டா விவரங்களைத் தமிழ்நாடு அரசின் தளத்திலேயே சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். அவை ரகசியம் கிடையாது. ஆனால் கடைக் கணினியில் சிட்டா தனியாகக் கிடப்பதில்லை. அதனோடு ஆதார் எண், புகைப்படம், கையெழுத்து, வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., செல்போன் எண் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. காப்பீட்டு இழப்பீட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் ஒருவருக்கு போன் வருகிறது. அவருடைய பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், எத்தனை ஏக்கர், எந்த வங்கி, கணக்கின் கடைசி நான்கு எண் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, “இழப்பீடு வந்திருக்கு, ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க” என்று கேட்டால் அவர் எப்படிச் சந்தேகப்படுவார்? மோசடி அழைப்பை நம்பவைப்பதே இப்படிச் சேர்ந்து கிடைக்கும் விவரங்கள்தாம். ஆதார், கையெழுத்து, படம் மூன்றும் ஒருசேரக் கிடைத்தால் அவர் பெயரில் சிம் கார்டு வாங்கவோ கடன் கேட்கவோ முயல்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே மாதம் ஓர் அறிவுரை வெளியிட்டது. அதில் ஒரு வரி: பொது மையக் கணினியில் இ-ஆதாரைப் பதிவிறக்க வேண்டாம், இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள். இரண்டே நாளில், தவறாகப் பொருள் கொள்ளப்படலாம் என்று சொல்லி அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திரும்பப் பெற்றதால் அந்த வரியில் இருந்த நியாயம் போய்விடவில்லை. இ-ஆதார் கோப்புக்குப் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பாஸ்வேர்ட். கோப்பின் பெயரிலேயே ஆள் பெயர் இருக்கிறது. பக்கத்து ஸ்கேனில் பிறந்த ஆண்டு இருக்கிறது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2023-ல் நிறைவேறிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக ஒருவரின் விவரம் பெறப்பட்டதோ அது முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதத்தின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய். தாலுகா அலுவலகம் எதிரே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் கடைக்காரரிடம் யாரும் அவ்வளவு கேட்கப்போவதில்லை. அபராதப் பயத்தைக் காட்டி இந்த வேலையைச் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடும் இல்லை. அவரிடம் தாளை நீட்டியவர்கள் அவருக்கு வேண்டியவர்கள். பல வருடமாக அவர் கடையைத் தேடி வருபவர்கள். அந்த உறவே போதுமான காரணம்.

பிறகு ஏன் யாரும் துடைப்பதில்லை? சோம்பலையும் அறியாமையையும் மட்டும் குறை சொல்ல முடியாது. ‘ஏதாவது முக்கியமானது போய்விடுமோ’ என்ற பயம்தான் கையைக் கட்டிப்போடுகிறது. எல்லாவற்றையும் பத்திரமாக வேறிடத்தில் எடுத்து வைத்திருக்கிறோம் என்ற தைரியம் இருப்பவர்தான் துணிந்து துடைப்பார். அதனால் துடைப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன் பேக்கப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இந்த மண்ணில் அதற்கு வேறெங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, பாரம்பரிய விதைநெல்லை விவசாயிக்கு 2 கிலோ கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்ப வாங்கி, அதை இன்னொருவருக்குக் கொடுத்தவர் ‘நெல்’ ஜெயராமன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்து இந்த வட்டாரத்தைப் புரட்டிப்போட்டது. மூன்று வாரத்துக்குள், டிசம்பர் 6-ஆம் தேதி, ஜெயராமன் மறைந்தார். அவர் மீட்டெடுத்த ரகங்கள் ஒரே கிடங்கில் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல மாவட்டங்களில் பல விவசாயிகளின் வயலில் பரவியிருந்ததால் எந்த ஒரு புயலாலும் அவற்றை மொத்தமாகக் கொண்டுபோக முடியாது. பேக்கப்பும் அப்படித்தான். ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கடையின் மேஜை டிராயரில் கிடக்கும் எக்ஸ்டர்னல் ஹார்டுடிஸ்க்கை மட்டும் நம்பினால், கஜா போன்ற ஓர் இரவில் கணினியோடு அதுவும் நனைந்துவிடும். அதன் பிரதி ஒன்று உறவினர் வீட்டிலோ கூகுள் டிரைவ் போன்ற இடத்திலோ இருக்க வேண்டும். பிறர் ஆவணம் என்றால் அந்தப் பிரதிக்குப் பாஸ்வேர்டும் வேண்டும். பென் டிரைவை வருடக்கணக்கில் நம்ப வேண்டாம். அது கொண்டு கொடுக்கத்தான், சேமித்து வைக்க அல்ல.

எதையெல்லாம் எடுத்து வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். டெஸ்க்டாப்பையும் டாகுமெண்ட்ஸையும் காப்பி செய்துவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பார்கள். டேலி கணக்கு வேறொரு டிரைவில் தனி ஃபோல்டரில் இருக்கும். குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் கண்ணுக்குத் தெரியாது. தமிழ்நாட்டுக் கடைகளுக்கே உரிய இன்னொரு விஷயம் எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன் டைப் செய்த மனுக்கள், தீர்மானங்கள், பேஜ்மேக்கரில் செய்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். கோப்பை மட்டும் எடுத்து வந்து, எழுத்துருவைப் பழைய கணினியிலேயே விட்டுவிட்டால், புதிய கணினியில் திறக்கும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எனவே ஃபாண்ட் ஃபோல்டரையும் சேர்த்து எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அந்தப் பிரதியை இன்னொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளையாவது திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி எதையும் அழிக்கக் கூடாது. கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலிருந்து வெளியேறுவது, வாட்ஸ்அப் வெப் இணைப்பைச் செல்போனிலிருந்தே துண்டிப்பது, டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கழற்றி எடுப்பது ஆகியவையும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டியவை.

இனி துடைப்பது. ஹார்டுடிஸ்க் என்றால் வேலை எளிது: வட்டு முழுவதும் ஒருமுறை பூஜ்ஜியங்களை எழுதினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அது பீட்டர் குட்மன் 1996-ல் அந்தக் காலத்துப் பலவகை வட்டுகளுக்காகச் சொன்ன கணக்கு. எல்லாவற்றையும் ஒரே வட்டில் செய்யச் சொன்னதாக அது தவறாகப் பரவிவிட்டது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 800-88 என்ற வழிகாட்டி, இன்றைய ஹார்டுடிஸ்க்குக்குப் பொதுவாக ஒருமுறை எழுதுவதே போதும் என்கிறது. டி-பான், ஷ்ரெட்-ஓ.எஸ். போன்ற இலவசக் கருவிகளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைக் கிளப்பி இதைச் செய்யலாம். அப்போது பேக்கப் வட்டைக் கழற்றிவிட மறக்க வேண்டாம்; அது செருகியபடியே இருந்து அதுவும் சேர்ந்து துடைபட்டால் மீளவே முடியாது. விண்டோஸிலேயே செய்வதானால் ‘ரீசெட்’ பகுதியில் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி, அமைப்பை மாற்றும் இடத்துக்குள் போய் ‘கிளீன் டேட்டா’ என்பதை ஆன் செய்ய வேண்டும். அது தானாக ஆன் ஆகி இருக்காது. அதைத் தொடாமல் செய்யும் ரீசெட் அரைகுறை வேலைதான்.

எஸ்.எஸ்.டி. வேறு ரகம். அதில் நினைவகச் செல்கள் சீக்கிரம் தேயாமல் இருக்க, எழுதுவதை உள்ளேயிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு இடம் மாற்றி மாற்றிப் போடுகிறது. ஒரு கோப்பின் மேல் பூஜ்ஜியம் எழுதச் சொன்னால், அது வேறோர் இடத்தில் எழுதிவிட்டுப் பழைய இடத்தை ஒதுக்கி வைக்கக்கூடும். 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஹார்டுடிஸ்க்குக்காக உருவான, தனிக் கோப்பை அழிக்கும் முறைகளில் ஒன்றுகூட எஸ்.எஸ்.டி.யில் முழுமையாகப் பலிக்கவில்லை. சில டிரைவ்களில் உற்பத்தியாளரே வைத்த அழிப்புக் கட்டளையும் சரியாக வேலை செய்யவில்லை. இதற்கு இன்று உள்ள நல்ல வழி, வாங்கிய நாளிலேயே டிரைவ் முழுவதையும் பிட்லாக்கர் போன்ற ஒன்றால் மறையாக்கி வைப்பது. விற்கும் நாளில் சாவியை அழித்தால் உள்ளே இருப்பது யாருக்கும் படிக்கக் கிடைக்காது. முன்பே செய்யாதவர்கள் அந்த டிரைவைத் தயாரித்த நிறுவனம் தரும் கருவியால் ‘செக்யூர் இரேஸ்’ செய்ய வேண்டும்.

“இதுக்கெல்லாம் பதிலா வட்டைக் கழற்றிச் சுத்தியலால் ரெண்டு அடி போட்டா முடிஞ்சுது” என்பவர்களும் உண்டு. ஓடாத வட்டுக்கு அது சரி. ஓடும் வட்டை உடைப்பது நல்ல பொருளைக் குப்பையாக்குவது. மடிக்கணினி வட்டுகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. சில்லு தெறித்துக் கண்ணில் பட்டால் ஆபத்து. கொளுத்தினால் வரும் புகை நச்சு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் வட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்கலாம். விலை சில நூறு குறையும். மனம் நிம்மதியாக இருக்கும்.

ஆன் ஆகாத கணினியில் தரவும் செத்துவிட்டது என்ற எண்ணம்தான் இருப்பவற்றிலேயே ஆபத்தானது. மதர்போர்டு போயிருக்கும்; வட்டு நன்றாக இருக்கும். அதைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேஸில் போட்டு வேறு கணினியில் செருகினால் எல்லாம் திறக்கும். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. அவை விற்பதற்கு உரியவை அல்ல. விற்கக் கூடாது என்பதுதான் விதி. ஆனாலும் பத்து வருடத்துக்கு மேலாகி ஓட்டம் நின்றுபோனவை உதிரி பாகத்துக்காக மெக்கானிக்கிடம் விடப்படுகின்றன, தம்பி தங்கைக்குப் போகின்றன, எடைக்குப் போகின்றன. முதல் ஆண்டில் பிளஸ் டூ மாணவர்களாக வாங்கியவர்கள் இன்று முப்பதைக் கடந்தவர்கள். கல்விக் கடன் விண்ணப்பம், மதிப்பெண் சான்று, முதல் வேலைக்கு எழுதிய விவரக் குறிப்பு, அந்த வயதில் எடுத்த படங்கள் எல்லாம் அந்தச் சிறிய வட்டில்தான் இருக்கின்றன. பரணில் கிடப்பதை வெளியே விடும் முன் வட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். படங்களை மீட்கவும் அதுவே வழி.

நேரம் இல்லை என்ற மறுப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். விநாடிக்கு 80 எம்.பி. வேகத்தில் எழுதும் 500 ஜி.பி. வட்டைத் துடைக்க ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். 1 டி.பி. என்றால் மூன்றரை மணி. பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கடை மூடும்போது ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம். நடுவில் மின்சாரம் போனால் வட்டு கெட்டுவிடாது. மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் இல்லாவிட்டால் விலை போகாது என்ற கவலையும் வேண்டாம். அசல் உரிமத்தோடு வந்த கணினியாக இருந்தால், துடைத்த பிறகு மறுபடி விண்டோஸ் போட்டு இணையத்தில் இணைத்ததும் அந்த உரிமம் பெரும்பாலும் தானே செயல்பட்டுவிடும்.

இதைவிடக் கனமான மறுப்பு அலுவலகங்களிலிருந்து வருகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், பள்ளி, ஊராட்சி போன்ற இடங்களில் தணிக்கைக்கும் வழக்குக்கும் தேவைப்படும் பதிவுகளை அழித்துவிடக் கூடாது. சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த திட்டம் அப்போது நாடு முழுவதும் 63,000 சங்கங்களுக்காக வகுக்கப்பட்டது. புதிய இயந்திரம் வரும் இடத்தில் பழையது வெளியேறும். நகைக்கடன், பயிர்க்கடன் விவரங்களை அவசரப்பட்டு அழித்தால் நாளை உறுப்பினருக்கே ஆதாரம் இல்லாமல் போகும். இது சரியான கவலை. ஆனால் பதிவைப் பாதுகாப்பதற்கும் பழைய வட்டைத் துடைக்காமல் ஏலம் விடுவதற்கும் தொடர்பே இல்லை. பதிவு புதிய கணினியிலும் பேக்கப்பிலும் இருக்கட்டும். செயலாளர் அதைத் திறந்து பார்த்துக் கையெழுத்திடட்டும். அதன் பிறகு பழைய வட்டு துடைக்கப்படட்டும். கழிவாக்கும் பொருள் பட்டியலில் நாற்காலியின் எண்ணிக்கையை எழுதுகிறவர்கள், வட்டின் வரிசை எண்ணையும் துடைத்த தேதியையும் எழுத முடியாதா?

“வாடிக்கையாளருக்காகத்தானே வெச்சிருக்கோம்” என்று சொல்லும் இ-சேவைக் கடைக்காரருக்கும் இது பொருந்தும். பெரியவரின் தாள்களை அவருடைய மகன் செல்போனுக்கு அனுப்பிவிடலாம். டிஜிலாக்கர் கணக்கு தொடங்கிக் கொடுக்கலாம். கடையிலேயே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அவரிடம் கேட்டுக்கொண்டு, பாஸ்வேர்ட் போட்ட ஒரே ஒரு வட்டில் வையுங்கள். இழப்பீடு வந்து சேர்ந்ததும் அந்தப் பருவத்து ஃபோல்டரை நீக்கிவிடுங்கள். அப்படிச் செய்துவந்தால் கணினியை விற்கும் நாளில் மலைப்பு இருக்காது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் போடும்போது, வட்டைத் துடைத்த தேதியையும் துடைத்த முறையையும் பில்லிலேயே ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாங்குகிற வியாபாரியும் அந்த வரி இல்லாத கணினியை வாங்க மறுக்கட்டும். காப்பீட்டுக்குத் தாள் கொடுக்கப் போகும் விவசாயிகளே, வேலை முடிந்து எழுந்திருக்கும் முன் “என் ஸ்கேனை என்ன செய்யப்போறீங்க தம்பி?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தாள்கள் ஏற்கெனவே எங்கோ போய்விட்டன, அதை வைத்து யாரோ பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.